மதுரையில் எக்ஸ்-ரே டெக்னீஷியன் டிப்ளமோ: படித்து முடித்தவள் சொல்வது

நான் படித்த ரேடியாலஜி டிப்ளமோவுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அதில் பெரும்பங்கு கல்லூரிக்குச் சேராது, எங்களைப் போஸ்டிங், அதாவது நேரடிப் பயிற்சிக்கு, அனுப்பிய மருத்துவமனைக்குத்தான் சேரும். இந்தப் படிப்பில் சேர வருகிறவர்கள் கட்டிடத்தையும் பேனரையும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம், அங்கே யார் கூட நின்று சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்க வைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், என் ஜூனியர்கள் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள்.

எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பிளஸ் டூவில் பயாலஜி குரூப். வீட்டில் நர்சிங் படி என்றார்கள். எனக்கு பிசிக்ஸ் பிடிக்கும், மருத்துவமனை வேலையும் வேண்டும், இரண்டும் சேர்கிற இடம் இதுதான் என்று பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார். சேர்ந்தேன். இப்போது மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன்.

முதலில், என்னென்ன படிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாராமெடிக்கல் படிப்புகள் உண்டு, நம் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. மதிப்பெண் இருந்து அங்கே இடம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு வருகிற நோயாளிகளை ஒரு தனியார் கல்லூரி மாணவர் பார்க்கவே மாதக்கணக்காகும். அடுத்தது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. ரேடியோகிராபி. மூன்று வருடப் படிப்பு, அதன் மேல் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பணமும் காலமும் இருந்தால் அதுதான் நல்லது, மேலே படிக்கவும் வழி இருக்கும். மூன்றாவது, நான் படித்த மாதிரி இரண்டு வருட டிப்ளமோ. நான்காவதாக, பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ‘ஆறே மாதத்தில் எக்ஸ்-ரே டெக்னீஷியன்’ வகை. இதில் தயவுசெய்து சேராதீர்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம், இந்தத் தொழிலில் இருப்பவருக்குக் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும், அதுவும் இரண்டு முதல் நான்கு வருடத்துக்குள் பரவியிருக்க வேண்டும் என்கிறது. ஆறு மாதச் சான்றிதழ் அந்தக் கணக்குக்குள் எப்படியும் வராது. கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசை அதில் கொண்டுபோய்க் கொட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் இன்று ரிசப்ஷனில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, என் கல்லூரிக்கு வருகிறேன். வகுப்பறைப் பாடத்தில் பிசிக்ஸ் அருமை. அந்த சார் எக்ஸ்-ரே டியூபைக் கரும்பலகையில் வரைந்தே எல்லாவற்றையும் புரியவைத்துவிடுவார். ஃபிலமென்ட் சூடாகி எலெக்ட்ரான் கிளம்புவது, அது எதிரே இருக்கும் டங்ஸ்டன் தட்டான ஆனோடில் போய் மோதுவது, மோதிய ஆற்றலில் 99 சதவீதம் வெறும் சூடாகப் போய் மிச்சம் 1 சதவீதம்தான் கதிராக வருவது, அந்தச் சூடு ஒரே இடத்தில் தங்காமல் இருக்கத்தான் ஆனோடு சுழல்வது. இதைப் புரிந்துகொண்டவர் காலையில் வந்ததும் டியூபை வார்ம்-அப் செய்யாமல் முதல் நோயாளியை நிறுத்த மாட்டார். எக்ஸ்போஷர் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தாமல், பாதியில் நிறுத்தி ஆனோடு சுழலும் சத்தம் கேட்ட பிறகு முழுதாக அழுத்துவார். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு நாலில் ஒன்றாகக் குறையும் என்பதையும் அவர்தான் பரீட்சைக்கான விதியாகச் சொல்லாமல், போர்ட்டபிள் எக்ஸ்-ரே எடுக்கும்போது நீ எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியாகச் சொன்னார்.

அனாடமி சுமார். பாடத்தைப் புத்தகத்தில் இருந்தே வாசித்தார்கள். எலும்புக்கூடு ஒன்று இருந்தது, அதில் மணிக்கட்டு எலும்புகள் பாதி இல்லை.

லேப்தான் பெரிய ஏமாற்றம். பழைய எக்ஸ்-ரே மெஷின் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் கரண்ட் கொடுக்காததைக் குறை சொல்ல மாட்டேன், மாணவர்கள் பழகுவதற்காக ஒருவர் மேல் ஒருவர் கதிர் விட்டுப் பார்க்கவே கூடாது. ஆனால் கொலிமேட்டர் விளக்காவது எரிய வேண்டாமா? அந்த விளக்கு வெளிச்சம் விழுகிற சதுரத்துக்குள்தான் கதிரும் விழும். அந்தச் சதுரத்தை எவ்வளவு சின்னதாகச் சுருக்குகிறோமோ அவ்வளவு குறைவாக நோயாளிக்குக் கதிர் படும், படமும் தெளிவாக வரும். எங்கள் லேபில் பல்பு போனது போனதுதான், நான் படித்து முடிக்கும் வரை மாற்றவில்லை. நோயாளியைச் சரியான நிலையில் வைக்கும் பொசிஷனிங்கை இருட்டுக் குத்துமதிப்பில் பழகினோம். இன்னொரு பக்கம், ஃபிலிமை டெவலப்பரில் போட்டு, ஃபிக்சரில் போட்டுக் கழுவுவதை வாரக்கணக்கில் நடத்தினார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் போஸ்டிங் போன இடத்தில் ஃபிலிம் கழுவாமல் டிஜிட்டலாகப் படம் பிடிக்கும் சி.ஆர். கேசட்டும் டி.ஆர். பேனலும்தான் இருந்தன. அதைப் பற்றி வகுப்பில் கேட்டது கொஞ்சம்தான். டிஜிட்டலில் கதிரைக் கூட்டி விட்டாலும் படம் கருக்காது, அழகாகவே வரும், அதனால் தேவைக்கு மேல் கொடுத்தது கண்ணுக்கே தெரியாது என்ற முக்கியமான விஷயத்தைக்கூட ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன்.

போஸ்டிங் நகருக்குள் இருக்கும் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில். அங்கே சீனியராக இருந்த அக்காவால்தான் நான் இன்று வேலை தெரிந்தவளாக இருக்கிறேன். முதல் சில வாரம் மெஷினைத் தொட விடவில்லை. நோயாளியைக் கூட்டி வா, பேரும் வயசும் அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேள், சீட்டோடு ஒத்துப் பார், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேள், இவ்வளவுதான் வேலை. சலிப்பாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, ஒரே பெயரில் இரண்டு பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. பாண்டி என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து வருவார்கள்.

மார்பு எக்ஸ்-ரேதான் எங்கள் தினசரி வேலை. அக்கா ஒவ்வொரு படத்தையும் திரையில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார். ஏன் நெஞ்சைப் பேனலில் ஒட்டி, முதுகுப் பக்கமிருந்து கதிர் விடுகிறோம்? இதயம் முன்பக்கம் இருக்கிறது, பேனலுக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் நிழல் பெரிதாகாமல் விழும். ஏன் 180 சென்டிமீட்டர் தூரம்? காரணம் அதேதான். ஏன் கையை இடுப்பில் வைத்து முழங்கையை முன்னால் தள்ளச் சொல்கிறோம்? தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் விலகுவதற்கு. காறை எலும்பு இரண்டின் உள்முனையும் நடு முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா, பின் விலா எலும்பு பத்து தெரிகிறதா? இல்லையென்றால் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார், அல்லது மூச்சை முழுதாக இழுக்கவில்லை. மூச்சு விஷயத்தில் அக்காவுக்குத் தனிக் கவனம். நாங்கள் ‘மூச்சை இழுங்க, நிறுத்துங்க’ என்று கத்துவோம். அவர் பக்கத்தில் போய், “ஐயா, இப்ப என்கூட சேர்ந்து ஒருதடவ இழுத்துப் பாருங்க. நெஞ்சு விரியணும். ஆங், அப்படித்தான். நான் சொன்னப்புறம் விட்டாப் போதும்” என்று ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். அவர் எடுத்த படத்தை இரண்டாவது முறை எடுக்க வேண்டி வந்ததே அபூர்வம்.

வயிற்று வலியோடு, குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் டாக்டர் எழுதி அனுப்புவார். அவசரத்தில் நிற்க வைத்து உடனே எடுத்துவிடுவோம். அக்கா விட மாட்டார். நிமிர்ந்த நிலையில் ஐந்து, பத்து நிமிடமாவது இருந்தால்தான் வெளியேறிய காற்று மேலே ஏறி உதரவிதானத்துக்குக் கீழே கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரியவில்லை என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகலாம். இதை எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் என் மனதில் நின்றிருக்காது. வலியில் துடிக்கும் ஒரு மனிதரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, நேரம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் நின்றது.

பொங்கல் சமயத்தில் மதுரையில் இந்தப் படிப்பு படிப்பவர்களுக்கு லீவு கேட்க வாய் வராது. தை ஒன்று அவனியாபுரம், இரண்டு பாலமேடு, மூன்று அலங்காநல்லூர். விலா எலும்பு, இடுப்பு, தொடை என்று வந்துகொண்டே இருப்பார்கள். மாடு தூக்கி எறிந்து கழுத்தில் காலர் போட்டு வந்தவரைத் திருப்பக் கூடாது, படுத்தபடியே பக்கவாட்டில் கதிர் விட்டு முதலில் கழுத்தை எடுக்க வேண்டும். ஏழாவது கழுத்தெலும்பு வரை, அதன் கீழே முதல் மார்பு முதுகெலும்பின் மேல்விளிம்பு வரை தெரியாத படத்தை டாக்டரிடம் கொடுக்கக் கூடாது. மாடுபிடிப்பவர்கள் எல்லாம் நல்ல தோள்கட்டு உள்ள பையன்கள், தோள் வந்து அந்த இடத்தையே மறைக்கும். அப்போது ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து எடுக்கும் வேறொரு நிலை இருக்கிறது. அதையும் டாக்டர் சம்மதித்தால்தான் செய்ய வேண்டும். வாசலில் அந்தப் பையனின் அம்மா நிற்பார். அவரிடம் என்ன சொல்வது என்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. ‘படத்துல என்னம்மா தெரியுது?’ என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ரிப்போர்ட் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் தவறு. “டாக்டர் இப்பவே பாக்குறாரும்மா, நானே கொண்டுபோய்க் கொடுக்குறேன்” என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. பக்கம் எங்களுக்குக் கிடைத்த நாட்கள் குறைவு, சி.டி.யும் அப்படித்தான். இரண்டு வருடப் படிப்பில் இது பெரிய குறை, ஏனென்றால் வேலைக்கு எடுப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கிடைத்த நாட்களில் ஒன்று நன்றாகக் கற்றோம். எம்.ஆர்.ஐ. மெஷினில் இருக்கும் பெரிய காந்தம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அணையாது. நம் பக்கத்துப் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். ‘நகை எதுவும் இருக்கா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் தாலி நகை இல்லை, ஊக்கு நகையே இல்லை. கழற்றச் சொன்னால் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். அக்கா மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் எப்போதும் டிராயரில் வைத்திருப்பார். “இதக் கட்டிக்கிட்டு அதக் கழட்டி வீட்டுக்காரர் கையில குடுங்க தாயி” என்றதும் பிரச்சினை தீர்ந்துவிடும். எக்ஸ்-ரே அறையிலும் இதே கதைதான், கொடி நெஞ்சின் மேல் கிடந்தால் படத்தில் வெள்ளையாக விழுந்து நுரையீரலை மறைக்கும். கிராமத்துப் பெண்கள் உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் தளர்ந்து நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்குப் பெண்பிள்ளைகள் நிறைய வர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

இப்போது என் பெரிய மனக்குறை. டி.எல்.டி. பேட்ஜ். நம் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கெடுக்கும் சின்ன அட்டை அது. மார்பு மட்டத்தில், கதிரைத் தடுக்கும் ஈய அங்கியான லெட் ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு வேறு தருவார்கள். நாங்கள் போஸ்டிங் தொடங்கியபோது கல்லூரி அதைத் தரவில்லை. விண்ணப்பித்திருக்கிறோம், வரும் என்றார்கள். மாதங்கள் போயின. கட்டணப் பட்டியலில் மட்டும் அதற்கான தொகை முதல் வருடமே இருந்தது. கடைசியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரி அக்காவும் பேட்ஜ் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்று உறுதியாக நின்ற பிறகுதான் வந்தது. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக வேலை செய்பவருக்கு அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆனால் போகவில்லை என்பதை எதை வைத்துச் சொல்வது? பேட்ஜ்தான் சாட்சி. பேட்ஜ் இல்லாத மாதங்களுக்கு எங்களிடம் கணக்கே கிடையாது. 17, 18 வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு கல்லூரி இப்படி அலட்சியமாக இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்றரை மதிப்பெண் குறைத்ததில் ஒன்று இதற்காகத்தான்.

அந்தக் கல்லூரியின் நோட்டீசில் ‘எக்ஸ்-ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் பயிற்சி’ என்று போட்டிருந்தது. அல்ட்ராசவுண்ட் என்ற வார்த்தையைப் பார்த்து நிறையப் பேர் சேர்கிறார்கள். நேராகச் சொல்கிறேன், கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்வது தகுதியும் பதிவும் உள்ள மருத்துவரின் வேலை. டெக்னீஷியன் செய்ய முடியாது. இதற்குப் பின்னால் இருப்பது, கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம். மீறினால் மூன்று வருடம் வரை சிறை. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. பெண்குழந்தையைப் பிறந்ததும் கொல்கிற ஊர் என்று எங்கள் பகுதியின் பெயர் ஒரு காலத்தில் பத்திரிகைகளில் வந்ததை எங்கள் தலைமுறைப் பெண்கள் தலையில் சுமந்துதான் வளர்ந்தோம். ஒரு மெஷினை வைத்து அதே காரியத்தைப் பிறக்கும் முன்பே செய்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தச் சட்டம். வகுப்பில் இதைப் பற்றி ஒரு மேடம் ஒரு மணி நேரம் பேசினார், மனதில் தைக்கும்படி பேசினார், அவருக்கு நன்றி. ஆனால் நோட்டீஸ் அடிக்கும் போதே அந்த உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எங்காவது ஒரு சென்டரில் ‘நீயே புரோப் பிடிச்சுப் பாரு, டாக்டர் கையெழுத்துப் போடுவார்’ என்று சொன்னால் அங்கே வேலைக்குச் சேராதீர்கள்.

பணம். நான் சேர்ந்தபோது வருடத்துக்கு 60,000 கட்டணம். அதற்கு மேல் பரீட்சைக் கட்டணம், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு என்று தனித்தனியாக வாங்கினார்கள். எல்லாவற்றையும் முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கக் காட்டுங்கள், வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். ‘நூறு சதவீத வேலை’ என்பது, இன்டர்வியூவுக்கு ஒரு லெட்டர் தருவதோடு முடிந்தது. என் வேலையை அக்கா சொல்லித்தான் வாங்கினேன். முதல் சம்பளம் கையில் 12,000, அதிலும் நைட் டூட்டி பாதி. இது பெரிய சம்பளம் இல்லை. சி.டி. தனியாகப் பார்க்கத் தெரிந்த பிறகு ஏறியது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில் எந்தப் படிப்பை ஏற்கிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே பழைய அறிவிப்புகளில் படித்துவிடுங்கள்.

சேரும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. போஸ்டிங் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டுக்கொண்டு நேராக அங்கே போங்கள். எக்ஸ்-ரே அறை வாசலில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் நிற்பார்கள். அவர்கள் மார்பில் பேட்ஜ் இருக்கிறதா பாருங்கள். ஏப்ரனை மடித்து மேசையில் போட்டிருக்கிறார்களா, ஹேங்கரில் தொங்க விட்டிருக்கிறார்களா பாருங்கள். மடித்தால் உள்ளே விரிசல் விடும், விரிசல் வழியே கதிர் வரும். குழந்தைக்குப் படம் எடுக்கும்போது யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். குழந்தையின் உறவினர் ஒருவர், கர்ப்பமாக இல்லாதவர், ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும். மாணவியைப் பிடிக்க வைக்கிற இடம் என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். இந்தச் சோதனையில் என் போஸ்டிங் ஆஸ்பத்திரி முழு மதிப்பெண் வாங்கும்.

பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், என் அப்பத்தாவும் கேட்டது: இந்த ரேடியேஷன் வேலைக்குப் போனால் பிள்ளை பிறக்குமா? பிறக்கும். நாம் நிற்பது தடுப்புக்குப் பின்னால், கதிர் வருவது பட்டனை அழுத்துகிற அந்த நொடிக்கும் குறைவான நேரம். பட்டனை விட்டால் அறையில் எதுவும் மிச்சமிருக்காது. நோயாளிக்கே ஒரு மார்பு எக்ஸ்-ரேயில் 0.02 மில்லிசீவர்ட் அளவுதான். கர்ப்பம் என்று தெரிந்ததும் மறைக்காமல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு பிரசவம் வரை வயிற்றுப் பிள்ளைக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு ஒரு வருடத்துக்கு வைத்திருக்கும் அதே அளவு. அந்த மாதங்களில் போர்ட்டபிள், தியேட்டர் டூட்டி போட மாட்டார்கள். என்னோடு படித்தவளுக்கு எங்கள் சென்டரில் எட்டாவது மாதம் வரை தடுப்புக்குப் பின்னால் மெஷினை இயக்கும் கன்சோலில்தான் வேலை கொடுத்தார்கள், பேட்ஜைப் போட்டுக்கொண்டே வந்தாள். வேலைக்குச் சேரும்போதே அந்த அலுவலர் யார், அவர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.